முகங்காட்டி மணல்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மலாயா நாட்டுல, மேக்குக் கடலோரமா, தாழமுனைன்னு ஒரு ஊரு. மலாய்க்காரங்க அதுக்கு வேற பேரு சொல்லுவாங்க. தாழம்புதரு காடா மண்டிக் கெடந்ததால நம்மாளுங்க தாழமுனைன்னுட்டாங்க. அந்த முனையில கடலப் பாத்தாப்ல ஒரு ஓட்டல் இருந்துச்சாம். ஓட்டல்னா தோசை, காப்பி ஓட்டல் இல்லப்பா. வெள்ளைக்காரன் குடும்பத்தோட வந்து தங்கிக் கடல்ல குளிச்சு, பொழுது சாயறப்ப நாற்காலி போட்டுக் குடிக்கிற ஓட்டல்.

அந்த ஓட்டல்ல விரிப்பு, தலகாணி உறை, துவாலை எல்லாம் பாத்துக்கிட்டவ பூங்காவனம். எங்க அம்மாவுக்குப் பெரியம்மா. அப்ப அவளுக்கு ஒண்ணும் பெரிய வயசில்ல. கறுப்பு, ஒல்லி, நடந்தா சத்தம் வராது. ரூமு ரூமாப் போயி அழுக்குத் துணிய எடுப்பா, வெளுத்தத விரிப்பா, துணி அறையில மடிச்சு அடுக்குவா. அம்புட்டுத்தான் அவ வேலை.

சண்ட வந்துச்சு. வெள்ளைக்காரன் ஓடிட்டான். காயப்போட்ட கால்சட்ட கொடியிலயே ஆட, ஓடினானாம். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். ஓட்டல எடுத்துக்கிட்டான். பட்டாளத்து அதிகாரிங்க ஓய்வெடுக்க வர்ற எடமாச்சு. அதே ரூமு, அதே கட்டிலு. படுத்தவன்தான் வேற. வேலக்காரங்களும் அதே ஆளுங்கதான். எங்க போறது? அரிசி அங்கதான் இருந்துச்சு. வெளிய மரவள்ளிக்கெழங்குகூட சண்ட போட்டு வாங்கணும்.

பூங்காவனத்தோட புருஷன் பேரு தாண்டவன். ரப்பர் தோட்டத்துல மரம் வெட்டிப் பாலெடுக்கறவன். சயாமுக்கு ரயில் ரோடு போடணும்னு ஆளு புடிச்சாங்களே, அதுல அவனையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. போனவன் போனவன்தான். சேதி இல்ல.

சரி, கேளுங்க. அந்த ஓட்டலுக்குப் பொறுப்பா இருந்தவன் கமேதான்னு ஒரு கேப்டன். சத்தமே போட மாட்டானாம். மத்தவன் எல்லாம் கன்னத்துல அறைவான், கமேதா அறைய மாட்டான். மலாய் பேசுவான், மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. வராந்தாவுல நாற்காலி போட்டு உக்காந்து யாரு எங்க போறா, யாரு யாரோட பேசறான்னு பாத்துக்கிட்டே இருப்பானாம். அறையிறவனவிட இவனுக்குத்தான் எல்லாரும் பயந்தாங்கன்னு சொல்லுவாங்க.

ஒரு நாளு அடுப்படியில பேச்சு. சமையக்காரன் ஆ ஹோக், அவன் சீனன். தோட்டக்காரர் சடையன். மேசைக்கு எடுத்துக் கொடுக்கிற ராயப்பன். அப்புறம் பூங்காவனம். தண்ணி எறைக்கிற பக்கிரி வந்தான். வந்தவன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தானா?

"வெள்ளைக்காரன் திரும்பி வர்றானாம். கப்பல் கெளம்பிடுச்சாம்"னான்.

 ஆ ஹோக் கரண்டிய வேகமாக் கிண்டினான். சாயங்காலம் லாரி வந்துச்சு. பக்கிரிய ஏத்திட்டுப் போச்சு. அதுக்கப்புறம் பக்கிரி வரவே இல்ல.

அடுப்படியில இருந்தது எத்தன பேரு? யாரு சொன்னா? சன்னலுக்கு அந்தப் பக்கம் கமேதாவே நின்னு கேட்டானோ என்னமோ. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அன்னியிலருந்து அந்த ஓட்டல்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நேராப் பாக்கல. ஒருத்தர் உள்ள வந்தா பேச்சு நின்னுடும். ஒருத்தர் சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறான்னு தோணும். சடையன் செடிக்குத் தண்ணி ஊத்தினாக்கூட, ஏன் இந்தச் சன்னலுக்குக் கீழ ஊத்தறாருன்னு சந்தேகம்.

பூங்காவனத்துக்கு ராயப்பன் மேல சந்தேகம். ஏன்னா அவன் ஜப்பான் பாஷ நாலு வார்த்த கத்துக்கிட்டிருந்தான். அதிகாரிங்களோட சிரிப்பான். அவங்க சிகரெட்டு குடுப்பாங்க, வாங்கிக் காதுல சொருகிக்குவான். "பக்கிரியத் தின்னது இவன்தான்"னு அவ மனசுல முடிவே கட்டிட்டா. அவன் மேசத்துணி எடுக்கத் துணி அறைக்கு வருவான். "அக்கா, நல்லா இருக்கியா?"ம்பான். "இருக்கேன்"ம்பா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டா.

இப்படி இருக்கையில மாடி மூல ரூமுல ஒரு பட்டாளத்து டாக்டரு வந்து தங்கினாரு. அவருகிட்ட ஒரு மரப்பொட்டி நெறயக் கொய்னா மாத்திர. அந்தக் காலத்துல காய்ச்சல்னா கொய்னாதான். தோட்டத்து லயத்துல, அதான் கூலிக்காரங்க இருக்கற வரிச வீடுங்கள்ல, வீட்டுக்கு ஒருத்தரு நடுங்கிக்கிட்டுக் கெடந்தாங்க. ஊருக்குள்ள ஒரு மாத்திர கெடைக்காது. டாக்டரு பொட்டியில மாத்திர குறைய ஆரம்பிச்சுது. கொஞ்சமாக் குறைஞ்சப்ப அவரு கவனிக்கல. நெறயக் குறைஞ்சதும் கமேதாகிட்டப் போயிச் சொன்னாரு.

கமேதா கத்தினானா? கத்தல. ஒவ்வொருத்தரா வராந்தாவுக்குக் கூப்புட்டான். உக்கார வச்சான். டீ குடுத்தான். பேசினான். திரும்பி வந்தவங்கள மத்தவங்க கேட்டாங்க.

"என்ன கேட்டான்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டான்."

எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. எல்லாருக்கும் டீ. எல்லாருக்கும் 'சும்மா'. யாரு என்ன சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்?

பூங்காவனத்தோட மொற வந்துச்சு. போனா. உக்கார மாட்டேன்னு நின்னா. "உக்காரு"ன்னான். உக்காந்தா.

"உன் புருஷன் பேரு தாண்டவன்"னான் கமேதா.

புருஷனப் பத்தி அவ எத்தனையோ தடவ போயிக் கேட்டும் வாயத் தெறக்காதவன். அவன் வாயில அந்தப் பேரு.

"சயாம்ல இருக்கான். எங்க இருக்கான்னு நான் கேக்கலாம். திரும்ப வரவும் வைக்கலாம். அது இருக்கட்டும். டாக்டர் ரூமுல துணி எடுக்கறது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப மாத்திர எடுத்தது நீயா?"

"ஐயோ, இல்லீங்க! நான் தொட்டதே இல்லீங்க!"

"உன் துணி அறைக்கு வேற யாரு வருவா?"

பூங்காவனம் யோசிச்சா. டீ ஆறிக்கிட்டிருக்கு. கமேதா பாத்துக்கிட்டிருக்கான். அவ மனசு என்ன சொல்லுச்சாம்? 'அவன் இவங்க ஆளுதானே. இவங்க ஆளு பேரச் சொன்னா இவங்களே பாத்துக்குவாங்க. அவனுக்கு என்ன ஆயிடப் போவுது? ஆனாத்தான் என்ன? பக்கிரிக்கு ஆனது இவனுக்கும் ஆகட்டுமே'ன்னு சொல்லுச்சாம்.

"ராயப்பன் வருவான்"னா.

அம்புட்டுத்தான். வேற ஒரு வார்த்த சொல்லல. வெளிய வந்தா. சடையன் கேட்டாரு: "என்னம்மா கேட்டான்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டான்"னா.

அப்புறம் அழுக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போனா. ஓட்டலுக்குப் பின்னால ஒரு ஓட கடல்ல கலக்கும், அங்கதான் தொவைக்கிறது. கனமான விரிப்பு பிழிய அவ தங்கச்சி அலமேலு தோட்டத்துலருந்து வருவா. அன்னிக்கும் வந்திருந்தா. மூட்டைய எறக்கினதும் அலமேலு அவசரமாக் கைய விட்டுத் துழாவி ஒரு தலகாணி உறைய உருவினா. உருவி முந்தானைக்குள்ள வச்சா.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டு."

"ஒண்ணுமில்லங்கறேன்ல!"

பூங்காவனம் புடிச்சு இழுத்தா. உறை கிழிஞ்சுது. வெள்ள வெள்ளயா மாத்திர கல்லு மேல செதறுச்சு. கொய்னா.

"அடிப்பாவி! என் மூட்டையிலயா? என் தலைய எடுக்கவாடி பாத்த? யாரு வச்சது இத?"

அலமேலு குனிஞ்சு ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கினா. பொறுக்கி முடிச்சிட்டுத்தான் நிமிந்தா.

"மேசக்கார அண்ணன். ராயப்பண்ணன். டாக்டருக்கு டீ கொண்டுபோறப்ப எடுத்துட்டு வந்து உன் மூட்டையில சொருகி வைப்பாரு. என் வீட்டுக்காரரு உசுரோட இருக்கறது இதாலதான். லயத்துல பாதிப் பேரு இதாலதான் எந்திரிச்சு ஒக்காந்தாங்க."

பூங்காவனம் அலமேலு கையப் புடிச்சா.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல? கூடப் பொறந்தவகிட்டச் சொல்ல மாட்டியா?"

அலமேலு ஓடைத் தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னா: "உன்ன யாரும் நம்பலக்கா."

"என்னது?"

"உனக்கு அதிகாரி வீட்டுச் சோறு வருது. எல்லா ரூமு சாவியும் உங்கிட்ட இருக்கு. மாமா எங்கன்னு கேக்கறேன் கேக்கறேன்னு அந்தக் கமேதா முன்னால போயிப் போயி நிக்கற. பக்கிரியச் சொன்னது நீதான்னு லயமே பேசுது. ராயப்பண்ணன் சொன்னாரு, 'அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு."

பாத்தீங்களா! அவ அவனச் சந்தேகப்பட்டா. அவன் அவளச் சந்தேகப்பட்டான். கூடப் பொறந்தவளே சந்தேகப்பட்டா. அத்தன பேரும் நெனச்ச மாதிரி அது வரைக்கும் அவ ஒரு தப்பும் பண்ணல. அன்னிக்குக் காலையிலதான் பண்ணினா.

துணிய அப்படியே போட்டுட்டு ஓட்டலுக்கு ஓடினா. ராயப்பங்கிட்டச் சொல்லிடணும், இப்பவே ஓடிடுன்னு சொல்லிடணும். ஆனா பின்வாசல்ல சிப்பாயி நின்னான். உள்ள வுட்டான், வெளிய யாரையும் வுடல. சாப்பாட்டு ரூமுல ராயப்பன் தட்டத் தூக்கிக்கிட்டு மேசைக்கு மேச போறான், சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால ஒரு சிப்பாயி. பூங்காவனம் கதவோரமா நின்னு பாத்தா. அவனும் பாத்தான். பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். இவ எதுக்கு இப்படிப் பாக்கறான்னு நெனச்சிருப்பான்.

மறுநாளு காலையில எல்லாரையும் கடற்கரைக்கு ஓட்டினாங்க. ஓட்டல் ஆளுங்க, லயத்து ஆளுங்க, ஆம்பள பொம்பள எல்லாரும். வரிசையா மணல்ல நிக்க வச்சாங்க. பூங்காவனத்த மட்டும் கமேதா காய்கறி வைக்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான்.

அங்க ஒரு கோணிச்சாக்கு வச்சிருந்தான். கண்ணுக்கு நேரா ரெண்டு ஓட்ட. கூடவே பட்டாளத்து மழக்கோட்டு ஒண்ணு, பெரிய பூட்ஸு ஒரு சோடி.

"இதப் போட்டுக்க. யாருக்கும் நீ யாருன்னு தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. வரிசையில நடந்து போ. அவன் முன்னால நின்னு தலைய ஆட்டு. போதும். தாண்டவன் வருவான்."

"நேத்தே சொன்னேனுங்களே, எதுக்குங்க இது?"

கமேதா சிரிச்சானாம். அவன் சிரிச்சு அவ பாத்தது அன்னிக்குத்தான். "நீ எனக்குச் சொன்ன. இவங்களுக்கு யாரும் சொல்லலியே. இனிமே ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கறவனப் பாத்து, சாக்குக்குள்ள இருந்தது இவனான்னு கேப்பான். அப்புறம் எனக்குச் சிப்பாயே வேணாம்."

சாக்கத் தலையில கவுத்தாங்க. உமி வாசன. மூச்சு முட்டுது. ஓட்ட வழியாப் பாத்தா ஒரு நேரத்துக்கு ஒரு மூஞ்சிதான் தெரியுது. நடந்தா. பூட்ஸு மணல்ல பொதையுது. சடையன் மூஞ்சி வந்துச்சு, அவரு கண்ண மூடிக்கிட்டாரு. ஆ ஹோக் மூஞ்சி வந்துச்சு, தாட கிடுகிடுன்னு ஆடுது. நேத்து வரைக்கும் கூட ஒக்காந்து கஞ்சி குடிச்சவங்க. துப்பாக்கி வச்சிருக்கறவனப் பாத்துக்கூட அவங்க அப்படி நடுங்கினதில்ல. சாக்கப் பாத்து நடுங்கினாங்க. அலமேலு மூஞ்சி வந்துச்சு. கூடப் பொறந்தவ இவளையே வெறிச்சுப் பாக்கறா, அக்கான்னு தெரியல. பேயப் பாக்கற மாதிரிப் பாக்கறா.

அப்புறம் ராயப்பன். ஒதடு அசையுது, செபம் சொல்றான். காதுல இன்னும் சிகரெட்டு சொருகியிருக்கு.

பூங்காவனம் அவனத் தாண்டிப் போனா. கடைசி ஆளு வரைக்கும் போனா. தலை ஆடல. கமேதா பின்னாலயே வந்தான்.

"திரும்பிப் போ"ன்னான். திரும்பி வந்தா. மறுபடியும் எல்லா மூஞ்சியும். மறுபடியும் தலை ஆடல.

கமேதா அப்பத்தான் மொதல் தடவயாச் சத்தம் போட்டானாம். "சியாப்பா?" மலாயில யாருன்னு அர்த்தம். "சியாப்பா?"

வரிசையே கேட்டுக்கிட்டு நிக்குது.  அந்த எடத்துலதான் அவளுக்குத் தாண்டவன் நெனப்பு வந்துச்சாம். தலைய ஒரு ஆட்டு ஆட்டினா வந்துடுவானோ? வந்தாலும் வருவானோ?  கைய மேல தூக்கினா. சாக்கோட நுனியப் புடிச்சா. உருவிக் கழட்டி மணல்ல போட்டா.

"ஐயோ, அக்கா!"ன்னு அலமேலு அலறினா.

பூங்காவனம் மொதல்ல ராயப்பனப் பாத்தா, அப்புறம் எல்லாருக்கும் மொகத்தக் காட்டினா. வரிசையோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாத் திரும்பிக் காட்டினா. பாருங்க, நல்லாப் பாத்துக்குங்கன்னு காட்டினா. அப்புறம் கமேதாகிட்டத் திரும்பினா.

"சியாப்பான்னுதானே கேட்ட? சாயா"ன்னா. மலாயில 'நான்'னு அர்த்தம். "சாயா. பூங்காவனம். டாக்டர் ரூமுக்குப் போறவ நான். சாவி எங்கிட்ட இருக்கு. மூட்டையும் என்னுது. எடுத்தது நான்."

"நேத்து வேற பேரு சொன்ன."

"நேத்துப் பயத்துல சொன்னேன்."

மலாய் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அது புரிஞ்சுது. என்ன பேருன்னு கமேதாவும் சொல்லல, அவளும் சொல்லல. அவள அடிச்சாங்க. எப்படி அடிச்சாங்கன்னு எங்க அம்மா எங்ககிட்டச் சொன்னதில்ல, நானும் சொல்ல மாட்டேன். அடிச்சுட்டு, கொதிக்கிற மணல்ல மண்டி போட வச்சாங்க. மத்தவங்க அங்கயே நின்னு பாக்கணும்னு உத்தரவு. வெயிலு ஏறுச்சு. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

அப்ப வரிசையிலருந்து ஒருத்தன் நகந்தான். ராயப்பன். நேரா ஓட்டலுக்குள்ள போனான். சிப்பாயி கத்தறான், நிக்கல. திரும்பி வர்றப்ப தட்டு வச்சு, தட்டுல கண்ணாடி டம்ளரு வச்சு, தோள்ல துண்டு போட்டு, அதிகாரிக்குக் கொண்டுபோற மாதிரியே மணல்ல நடந்து வந்தான். கிட்ட வந்தான். சிப்பாயி துப்பாக்கிக் கட்டையால ஒரு அடி. தட்டு போச்சு, டம்ளரு போச்சு. விழுந்தவன் எந்திரிச்சான். மறுபடியும் உள்ள போனான். மறுபடியும் தட்டு, மறுபடியும் டம்ளரு.

"எதுக்குடா இது?"ன்னு கேட்டான் கமேதா.

"ஓட்டல்ல இருக்கறவங்களுக்குத் தண்ணி குடுக்கறது என் வேலைங்க"ன்னான். நெத்தியில ரத்தம் வழியுது.

கமேதா அவன ரொம்ப நேரம் பாத்தானாம். நெசமா எடுத்தவன் யாருன்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கும்னு சிலரு சொல்லுவாங்க. புரியலன்னு சிலரு சொல்லுவாங்க. கைய மட்டும் அசைச்சான். பூங்காவனம் தண்ணி குடிச்சா.  அப்புறம் லாரி வந்துச்சு, அவள ஏத்திட்டுப் போச்சு.

பூங்காவனம் செத்துட்டான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. சண்ட முடிஞ்சு, ஜப்பான்காரன் துப்பாக்கியக் கீழ வச்சதுக்கப்புறம் டவுனு ஜெயிலத் தெறந்து வுட்டாங்க. ஒரு நாளு மத்தியானம் தோட்டத்து ரோட்டுல ஒரு உருவம் நடந்து வருது. தலை மொட்ட. வலது கை வெரலு மடங்காது. அலமேலுதான் மொதல்ல பாத்துட்டு ஓடினா.

மால போட்டு வரவேத்தாங்கன்னுதானே நெனைக்கிறீங்க? அதான் இல்ல. கஞ்சி குடுத்தாங்க, படுக்கப் பாய் குடுத்தாங்க. ஆனா பேச்சு நிக்கல. 'சாக்குக்குள்ள இவ எப்படிப் போனா? மொதல்ல ஏதோ சொல்லாமயா கமேதா சாக்கப் போட்டு வுட்டான்? நேத்து ஒரு பேரு சொன்னேன்னாளே, அது யாரு பேரு?' கெணத்தடியில பேச்சு, பால்வெட்டுல பேச்சு. அவ வந்தா நின்னுடும். பழையபடி அதே கததான்.

மாரியம்மன் கோயில்ல ஊரு கூடினப்ப சடையன் எந்திரிச்சாரு. தலையில துண்டு கட்டியிருந்தாரு. "யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. ஆனா சில பேரு சில விஷயத்தச் சொன்னா நல்லாருக்கும்"னு எங்கயோ பாத்துக்கிட்டுச் சொன்னாரு.

பூங்காவனம் எந்திரிச்சா. கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா. மொட்டத் தலையில போட்டிருந்த முந்தானைய எறக்கினா.

"நான் பூங்காவனம். தாண்டவன் பொண்டாட்டி. கமேதா கேட்டப்ப ராயப்பன் பேரச் சொன்னது நான்தான். பக்கிரியச் சொன்னது நான் இல்ல. ராயப்பன் பக்கிரியக் காட்டிக் குடுத்தவன்னு நெனச்சேன், அதான் சொன்னேன். எம்புருஷன் வருவான்னாங்க, அந்த ஆசையும் இருந்துச்சு. சடையண்ணே, நீங்க கேக்கறதா இருந்தா துண்ட எடுத்துட்டு, எம்மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

சடையன் கை தானாத் தலைக்குப் போச்சு. துண்ட அவுத்துட்டு உக்காந்துட்டாரு.

ராயப்பன் ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். நெத்தியில தழும்பு. முன்னால வந்து, "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீ சாக்கக் கழட்டினப்ப மொதல்ல பாத்தது என்னைத்தான். உன்ன நம்பாம உன் மூட்டையில வச்சேனே, அது எங்குத்தம். மூட்டையப் புடிச்சிருந்தா நீ போயிருப்ப, நான் இருந்திருப்பேன்"னான். சொல்லிட்டு அவ காலடியில உக்காந்தான். அவளும் உக்காந்தா. அவன் அழுதானாம். அவ அழலன்னு சொல்லுவாங்க.

தாண்டவன் வரல. கடைசி வரைக்கும் வரல. கமேதா நெசமாவே அவனத் தேடிக் குடுத்திருப்பானா, இல்ல பேர மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தானான்னு பூங்காவனம் சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாளாம். பதிலு சொல்ல யாரு இருக்கா?

இன்னிக்கு அந்த ஓட்டல் இல்ல. சுவரெல்லாம் இடிச்சு வேற என்னென்னமோ கட்டியாச்சு. ஆனா ஓட கடல்ல கலக்கற எடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற மணல, நம்மாளுங்க முகங்காட்டி மணல்னுதான் சொல்லுவாங்க. மீன் வாங்கப் போற சீனனும் 'முகாங்காத்தி'ம்பான், அர்த்தம் தெரியாமலே. தாழமுனைக்காரங்க எம்புட்டு மழ பேஞ்சாலும் சாக்கக் கொங்காணியாத் தலையில போட மாட்டாங்க, நனைஞ்சுக்கிட்டே வருவாங்க. நம்ம கோயில் கூட்டத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் பிராது சொல்லணும்னா, நடுவுல வந்து, தலையில இருக்கறத எடுத்துட்டு, தன் பேர மொதல்ல சொல்லிட்டுத்தான் அடுத்தவன் பேரச் சொல்லணும். போன மாசம் வீராசாமி மவன் தொப்பியக் கழட்டாமப் பேச வந்தப்ப, கூட்டமே எதுக்குக் கத்துச்சுன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான். பூங்காவனம் வாழ்ந்தா, போனா. மணலுக்கு ஒரு பேரக் குடுத்துட்டுப் போனா. கேட்டவங்க எந்திரிச்சுப் போயிச் சாப்புடுங்க.